துட்டி சொல்லாத வீடு

நான் எழுதிய ஒரே நாவல் ஒரு மர்ம நாவல். சின்ன ஊர் ஒன்றில் ஆற்றில் பிணமாகக் கிடந்த ஒருவரின் சாவுக்குப் பின்னால் இருந்த ரகசியத்தை, ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் பல வருடங்கள் கழித்துத் தோண்டி எடுக்கிறார். அவர் கையில் இருப்பது ஒரே ஒரு தடயம். ஊரே திரண்டு வந்த துட்டி வீட்டுக்கு ஒருவன் மட்டும் வரவில்லை. அவன்தான் கொலைகாரன்.

அந்தத் தடயம் பொய். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் சாவைத் துட்டி என்போம். நெருங்கின உறவுக்குத் துட்டி சொல்ல இப்போது ஃபோன் போதும். பேச்சு முறிந்துபோன வீடு என்றால் மட்டும் போதாது. ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் எவ்வளவு பெரிய சண்டை என்றாலும் அவர்கள் வந்தாக வேண்டும். அன்றோடு சண்டையும் முடிந்துவிடும். சொல்லாமல் போனால் அவர்கள் வரக் கூடாது. வந்தால், செத்தவன் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வந்தான் என்று பேச்சு வரும். எத்தனையோ குடும்பங்கள் இப்படி ஒரு சாவில் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

என் அக்காவின் கணவர், என் அத்தான், சிற்றாற்றில் இறந்துபோனார். குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் அவரும் அவருடைய தாய்மாமன் மகனும் சேர்ந்து ஒரு லாட்ஜ் நடத்தினார்கள். அந்த மாமன் மகனை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முறைப்படி அக்காவுக்கும் எனக்கும் அவர் அண்ணன்தான். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். லாட்ஜைப் பிரித்துக்கொண்டபோது கிணறு யார் பக்கம் என்பதில் மனக்கசப்பு வந்து, நடுவில் சுவர் எழுந்து, பேச்சு நின்றது.

அந்தப் பிரிவினைப் பேச்சில் நானும் உட்கார்ந்தேன். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அத்தான் நினைத்தார். நானும் நினைத்தேன். சட்டம், பத்திரம் என்று நான் நீட்டி முழக்கியபோது அண்ணாச்சி பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாடம் எடுக்கதெல்லாம் காலேஜ்ல வச்சுக்கிடுலே. இங்கன கிணத்தப் பத்திப் பேசுதோம். நீ அதுல தண்ணி எடுத்திருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு என் காதில் ரொம்ப நாள் இருந்தது.

அத்தானுக்குத் தினமும் விடிவதற்குள் ஆற்றில் குளிக்கிற பழக்கம். ஆனி மாதம், சாரல் தொடங்கிய சமயம். மலையில் இரவெல்லாம் மழை பெய்திருக்கிறது. ஆற்றில் தண்ணீர் சட்டென்று ஏறியிருக்கிறது. சோப்பு டப்பாவும் செருப்பும் படியில் இருந்தன. அவர் கீழே, தாழம்புதரில் ஒதுங்கிக் கிடந்தார். நெற்றியில் காயம். பாறையில் அடிபட்டது என்று டாக்டர் எழுதினார், போலீஸும் அதையே எழுதியது. உடம்பு வீட்டுக்கு வந்தபோது நண்பகல் ஆகியிருந்தது.

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். அழுது குரல் கம்மியிருந்தது.

"அண்ணாச்சிக்கு நீ போய்ச் சொல்லு. வேற ஆளு போனா வரமாட்டாவ. அவிய வந்து பாத்துட்டுத்தான் எடுக்கணும்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன். லாட்ஜின் கேட் முன்னால் நிறுத்தினேன். உள்ளே வரவேற்பு மேசைக்குப் பின்னால் அண்ணாச்சி மூக்குக் கண்ணாடி போட்டு, தலையைக் குனிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் யாரோ சுற்றுலாக்காரர்கள் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தார்கள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவர் என்னைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயம் பாதி. இவர் வீட்டு வாசலில் நான் போய் நிற்கவேண்டியதாகிவிட்டதே என்ற வீம்பு பாதி. என்ஜினைக்கூட அணைக்காமல், அவர் பக்கம் பார்க்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். ஊருக்கே தெரிந்த சாவு, அவருக்கும் யாராவது சொல்லாமலா இருப்பார்கள், மனசு இருந்தால் வரட்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சொல்லிட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

உடம்பை எடுக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மழை பிடிக்கப் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்திய பிறகுதான் எடுத்தார்கள். அண்ணாச்சி வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வந்திருந்தால் யாரும் சொல்லாமல் வந்தேன் என்று அவர் சொல்லியிருப்பார்.

பிறகு துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா அதைச் சொன்னாள். "என் தம்பிய நேர்ல அனுப்பிச் சொல்லியும் வரல." கேட்டவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். சில மாதங்களில் ஊருக்குள் வேறு மாதிரிப் பேச்சு கிளம்பியது. வராத மனுசனுக்கு முகத்தைக் காட்ட முடியாத காரணம் ஏதோ இருக்கும். அந்த நெற்றிக் காயம் பாறைதானா. பேச்சு கொஞ்ச காலம் இருந்தது, அப்புறம் மங்கிவிட்டது. அக்கா வீட்டு விசேஷங்களுக்கு அந்த வீட்டுக்குச் சொல்வதில்லை. அவர்களும் சொல்வதில்லை. அண்ணாச்சியைத் தென்காசிக் கடைவீதியில் பார்த்தால் நான் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்துவிடுவேன். இப்படியே வருடங்கள் ஓடின.

பணி ஓய்வுக்குப் பின் எனக்கு வேலை எதுவும் இல்லை. துப்பறியும் கதைகள் படிப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். கொரோனாவில் தெருவெல்லாம் அடைத்துக் கிடந்தபோது நாமே ஒன்று எழுதினால் என்ன என்று உட்கார்ந்தேன். சின்ன ஊரும் ஆறும் ஒரு பிணமும் தானாக வந்தன. ஊரின் பெயரை மாற்றினேன். லாட்ஜை அரிசி மில்லாக மாற்றினேன். எல்லாம் சுலபமாக ஓடியது. கொலைகாரனை எதை வைத்துப் பிடிப்பது என்கிற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். கைரேகை, ரத்தக்கறை என்று எதை எழுதினாலும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர்க்காரன் எதை நம்புவான் என்று யோசித்தேன். அது எனக்குத் தெரிந்ததுதான். கடைசி அத்தியாயத்தில் ஏட்டு மில் களத்தில் எல்லோரையும் கூட்டி, மில்காரனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: நேரில் ஆள் வந்து சொல்லியும் நீ ஏன் துட்டிக்கு வரவில்லை? மில்காரன் தலை குனிகிறான்.

எழுதி முடித்தபோது அது நன்றாக வந்திருப்பதாக மகிழ்ந்தேன். ஒரு சான்று கிடைத்தால் அதை யார் சொன்னது, அவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேளுங்கள் என்று மாணவர்களுக்கு எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நாவல் அச்சாகி வந்தது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை நன்றாகவே விற்றது. கதை என்று யாரும் படிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணி உறையில் போட்டுக்கொண்டே, "சார், ஊரே வாய்க்குள்ள வச்சிருந்தத நீங்க எழுத்துல போட்டுட்டிய. தைரியந்தான்" என்றார். "அது சும்மா கதை" என்று சொன்னேன். சொல்லும்போது சிரித்தேன். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்குத் தெரியும். கதை இல்லை என்று சொல்கிற சிரிப்பு அது.

அக்கா பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முடித்த அன்று எனக்கு ஃபோன் செய்தாள்.

"எனக்கு அப்பவே சந்தேகந்தாம்லே. உனக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. எங்கிட்டச் சொன்னா தாங்கமாட்டேன்னு இத்தன நாளா உள்ளயே வச்சிருந்திருக்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "சாப்பிட்டியா அக்கா" என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

லாட்ஜுக்கு வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். வெந்நீர் வருமா, அருவியில் குளிக்க விடுகிறார்களா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. அதனால் வியாபாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளூரில்தான் ஆனது. உறவுக்காரர்கள் அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் பயணிகளிடம், "ரூம் நல்லா இருக்கும் சார், பயப்படாம தங்குங்க. ஓனர் ஆத்துக்குக் கூப்பிட்டா மட்டும் போயிராதிய" என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை.

போன ஐப்பசியில் அண்ணாச்சியின் மனைவி இறந்தார். நான் அன்று காலை அக்கா வீட்டில் இருந்தேன். லாட்ஜ் மேனேஜர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு நடையிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அம்மா தவறிட்டாவ. அய்யா உங்களுக்கு நேர்ல சொல்லிட்டு வரச் சொன்னாவ. வேற எங்கயும் ஆள் விடல. எல்லாருக்கும் ஃபோன்தான்."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கேட்டாச்சுன்னு போய்ச் சொல்லு. வாரதா இல்லன்னும் சொல்லு."

"ஆச்சி, அங்கன ஒரு ஆளும் இல்ல. சாயங்காலம் எடுக்கணும். தூக்க லாட்ஜ் பையங்கதான் நிக்கானுவ."

"எங்க வீட்டுல காத்துக் கிடந்தப்ப அவரு எங்க இருந்தாரு?"

மேனேஜர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் அக்காவுக்கு வரிசையாக ஃபோன் வந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். நீங்க போறியளா? பாதிக்கப்பட்டவள் அவள். அவள் போனால் எல்லோரும் போகலாம். அவள் போகாவிட்டால் ஒருவரும் போகமுடியாது. "நான் போகல" என்று அக்கா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அந்த வீடு இன்னும் காலியாகிக்கொண்டிருந்தது. மேசைமேல் என் காப்பி ஆடை கட்டிக்கிடந்தது.

அடுத்த அழைப்பு வந்தபோது ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கி அணைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான் அண்ணாச்சிக்குச் சொல்லல."

"என்னைக்கு?"

"அத்தான் செத்த அன்னைக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, சாமான் விலை விசாரிக்கிற குரலில், ஒன்றொன்றாகக் கேட்டாள்.

"குத்தாலத்துக்குப் போனியா?"

"போனேன்."

"லாட்ஜ் வரைக்கும்?"

"கேட் வரைக்கும்."

"அவிய இருந்தாவளா?"

"இருந்தாவ. பேப்பர் படிச்சிட்டு இருந்தாவ."

"உள்ள போகல."

"போகல."

"எங்கிட்ட வந்து சொல்லிட்டேன்னு சொன்னே."

"ஆமா."

"அப்ப புக்குல எழுதுனது?"

"அதுல ஒண்ணும் நெசம் இல்ல. அத்தான் வழுக்கித்தான் விழுந்தாவ. நானாக் கட்டுனது."

காரணம் சொல்லத் தொடங்கினேன். கிணற்றுப் பேச்சு, பத்துப் பேர், சிரிப்பு. அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"பொய்ய ஊருக்கே கேக்கும்படி எழுதினேல்லா. நெசத்த மட்டும் என் காதுக்குள்ள வந்து சொல்லுத."

நான் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து போய் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எண்பது வயது. முழங்கால் மடங்காது. தெருமுனையிலிருந்து ஆட்டோ கூப்பிட்டு வரப் பேத்தியை அனுப்பினாள்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ வராத. உனக்கு வேலை இருக்கு. ஒவ்வொரு வீடாப் போ. அண்ணாச்சி வீட்டுத் துட்டியச் சொல்லு. அதுகூட இதையும் சொல்லு. ஃபோன்ல சொல்லாத, முழுங்கிருவ. நேர்ல போய் நின்னு சொல்லு. நீ சொல்லாமப் போட்ட துட்டி, இன்னைக்குச் சொல்லி முடி."

அவள் ஆட்டோவில் ஏறிப் போனாள். நான் இன்னொரு ஆட்டோ பிடித்தேன்.

தென்காசியிலும் மேலகரத்திலும் இலஞ்சியிலுமாகச் சொந்தக்காரர் வீடுகள். முதல் வீட்டில் துட்டியை மட்டும் சொன்னேன். வாசலை விட்டு இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு திரும்ப இறங்கிப் போய்ச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, "சரி, நேரமாகுது" என்று மட்டும் சொன்னார். இன்னொரு வீட்டில் கேட்டுவிட்டு உள்ளே பார்த்து, "ஏட்டி, வாத்தியார் மாமா கத எல்லாம் ரீலாம்" என்று ஒருவர் மனைவியிடம் சொன்னார். அவருக்கு வராத கோபம் அந்த அம்மாளுக்கு வந்தது. "செத்துப்போன அந்த ஆச்சி கோயில்ல எதுக்க வந்தப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேன்" என்றார். என்னைப் பார்க்காமல், அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னார். மருந்துக்கடைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் உறவு இல்லை, ஆனால் அவரிடம் சிரித்திருக்கிறேன். "இது ரெண்டாம் பாகமா சார்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பினார்.

எல்லோரும் வரவில்லை. எழுதின மனுசன் வயதாகிக் குழம்பிவிட்டான், அக்கா மனசு இரங்கிச் சொல்லவைக்கிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு. இப்போதும் அப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அச்சில் போட்ட பொய் வாயால் சொன்ன உண்மையைவிடக் கெட்டியாக இருக்கிறது.

குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது தூறல். லாட்ஜ் முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள், பாடையை நான்கு புறமும் பிடிக்கிற அளவுக்கு இருந்தார்கள். கேட் மாறவில்லை, பெயின்ட்தான் வேறு. ஆட்டோவை அனுப்பிவிட்டு உள்ளே நடந்தேன். அக்கா பெண்களோடு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்தார். நானும் தூக்குகிறவர்களோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தபின் அண்ணாச்சி என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. நல்ல கண்ணால் என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பவேண்டியிருந்தது.

"அன்னைக்கு கேட்டுல ஸ்கூட்டர் நின்னத நான் பாத்தேன்லே" என்றார்.

நான் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"காலையிலயே சேதி தெரியும். வெளிய போகாம உக்காந்திருந்தேன். பேப்பரு சும்மா கையில இருந்துச்சு. ஆள் வருமா வருமான்னு வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வந்து நின்னே. சரி, சொல்லத்தான் வந்திருக்கான்னு வேட்டி மாத்த உள்ள போனேன். மாத்திட்டு வந்து பாத்தா நீ இல்ல."

"ஏன் அண்ணாச்சி யார்ட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? உன்னைய உங்க அக்கா அனுப்பி, நீ சொல்லாமத் திரும்பிட்டியா, இல்ல, அவனுக்குச் சொல்லவேண்டாம்னு பின்னாலயே ஆள் விட்டு உன்னத் திரும்பக் கூப்பிட்டுட்டாவளான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டாவதுன்னுதான் நெனச்சேன். இத்தன வருசமும் அப்பிடித்தான் நெனச்சேன். அவ மேல கோவமா இருந்தேன். பாவம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "புக்கு பாதிதான் படிச்சேன். மீதிய மருமக படிச்சுச் சொன்னா. கொலகாரன்னு வச்சதுதான் வச்ச, எதுக்குலே அரிசி மில்லு? எனக்கு அந்தத் தூசி ஆகவே ஆகாது" என்றார். சிரித்தாரா என்று என்னால் சொல்லமுடியவில்லை. விற்பனையை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளரிடம் பேசியிருப்பதைச் சொன்னேன். "படிச்சவன் படிச்சிட்டான். நிறுத்தி என்ன செய்ய. இதையும் எழுது" என்றார். அவர் சொன்னதால்தான் எழுதுகிறேன். அத்தான் எப்படி இறந்தார் என்று அதற்குப் பிறகும் நாங்கள் பேசவில்லை. அதில் பேச ஒன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் ஏறியது, படி வழுக்கியது.

அக்காவும் அண்ணாச்சியும் இப்போது போய்வந்து இருக்கிறார்கள். ரம்புட்டான் காய்த்தால் லாட்ஜிலிருந்து அக்கா வீட்டுக்குப் பை வருகிறது. என்னோடு அக்கா பேசுவதில்லை. ஆட்டோவில் ஏறும்போது சொன்னதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஃபோன் செய்தால் பேத்தி எடுத்து, ஆச்சி தூங்குதாவ என்கிறாள். எந்த நேரத்தில் செய்தாலும் தூங்குகிறாள். கார்த்திகைக்குப் போய் வாசலில் நின்றேன், உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

எனக்கும் வயதாகிவிட்டது, உடம்பு முன்போல் இல்லை. என் மகன் சென்னையில் இருக்கிறான், இந்த வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஒன்று என்றால் அத்தை வீட்டுக்கு ஃபோனில் சொல்லிவிடாதே. ஆள் அனுப்பு, உள்ளே போய்ச் சொல்கிற ஆளாகப் பார்த்து அனுப்பு.